ஐயா, எப்படித் தெரியும்? – ஒரே இடத்தில் எடுத்த இரண்டு படங்கள்



ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கட்டுரைப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தேன். தலைப்பு, நாம் எல்லாரும் ஆண்டுதோறும் கொடுக்கும் தலைப்புத்தான்: 'உலக வெப்பமயமாதல்'. வெண்பலகையில் கருத்துகளை வரிசையாக எழுதினேன். "உலகம் வெப்பமடைகிறது. அதனால் பனிப்பாறைகள் உருகுகின்றன. கடல்மட்டம் உயர்கிறது." மாணவர்கள் அப்படியே படியெடுத்தார்கள். கடைசி வரிசையில் ஒரு மாணவன் மட்டும் எழுதாமல் கையை உயர்த்தினான்.

"ஐயா, உருகுதுன்னு எப்படித் தெரியும்? முன்னாடி எவ்வளவு இருந்துச்சுன்னு யாரு பாத்தா?"

"அறிவியலாளர்கள் ஆராய்ந்து சொல்கிறார்கள்" என்றேன். அவனும் தலையாட்டிவிட்டு எழுதத் தொடங்கினான். அவன் முகத்தில் நிறைவு இல்லை. உண்மையைச் சொன்னால், என் மனத்திலும் இல்லை. இருபத்தைந்து பிள்ளைகள் ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்கிறார்கள். ஒருவன் மட்டும் அதற்குச் சான்று கேட்கிறான். ஆசிரியரோ அவனை அமைதிப்படுத்தி மனப்பாடத்தின் பக்கம் திருப்பி அனுப்புகிறார். இதைவிட ஒரு வகுப்பறைக்கு வேறென்ன இழிவு வேண்டும்? யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டுவிட்டது. ஆயினும் அத்தேர்வுக்காக நாம் பழகிய மனப்பாடக் கட்டுரை இன்னும் நம்மைவிட்டு நீங்கவில்லை.

அம்மாணவனுக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய விடையையே இங்கு எழுதுகிறேன். ஆசிரிய நண்பர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோளும் இதில் உண்டு.

முதலில் சொல்லைத் திருத்துவோம்

நம் கட்டுரைகளில் 'பனிப்பாறை' என்ற ஒரே சொல்லால் இரண்டு வேறு பொருள்களைக் குறித்துவிடுகிறோம். கடலில் மிதக்கும் பனிக்கட்டி மலை வேறு. மலைகளின்மேல் ஆண்டுக்கணக்காகப் பெய்த பனி இறுகிக் கட்டியாகித் தன் எடையாலேயே பள்ளத்தாக்கு வழியாக மெல்ல மெல்ல நகர்ந்து வருவது வேறு. பின்னதற்குப் 'பனியாறு' என்ற அழகிய சொல் தமிழில் இருக்கிறது. அது நகர்வதால்தான் ஆறு. மேலே பெய்யும் பனியும் கீழே உருகும் பனியும் சமமாக இருந்தால் அதன் முகப்பு ஓரிடத்தில் நிற்கும். உருகுவது மிகுந்தால் முகப்புப் பின்வாங்கும். இந்த வரவு செலவுக் கணக்கைப் புரிந்துகொண்ட மாணவனுக்குப் பாதிப் பாடம் முடிந்துவிட்டது.

ஒரே இடம், இரண்டு காலம்

"முன்னாடி எவ்வளவு இருந்துச்சுன்னு யாரு பாத்தா?" என்ற கேள்விக்கு நேரடியான விடை ஒன்று உண்டு. பார்த்தவர்கள் இருக்கிறார்கள், பார்த்ததைப் படமும் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

1941-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள் அலாஸ்காவின் கிளேசியர் விரிகுடாவில், மியூர் என்னும் பனியாற்றை வில்லியம் பீல்டு என்ற ஆய்வாளர் படம் எடுத்தார். பள்ளத்தாக்கு முழுவதும் பனி. முன்புறத்தில் வெற்றுப் பாறையும் சரளையும். 2004-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் அமெரிக்க நில அளவாய்வுத் துறையின் புரூஸ் மோல்னியா அதே இடத்தில் நின்று, அதே திசை நோக்கி மறுபடியும் படம் எடுத்தார். பனி இருந்த இடத்தில் கடல்நீர் நிற்கிறது. முன்புறத்தில் செடிகள் அடர்ந்திருக்கின்றன. மியூர் பனியாற்றின் முகப்பு படச் சட்டத்துக்குள்ளேயே இல்லை! இடைப்பட்ட 63 ஆண்டுகளில் அது 11 கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கியிருந்தது. பனியின் தடிமன் 800 மீட்டருக்கும் மேல் குறைந்திருந்தது. நம் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் உயரம் 452 மீட்டர். அக்கோபுரங்கள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தினால் வரும் உயரத்தை நெருங்கும் அளவு பனி அப்பள்ளத்தாக்கிலிருந்து போய்விட்டது என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளைகளின் கண்கள் விரியும்.

இவ்வாறு பழைய படம் எடுக்கப்பட்ட அதே இடத்தைத் தேடிப் பிடித்து, அதே கோணத்தில் மீண்டும் எடுக்கும் படத்தை 'மீள்படம்' என்று சொல்லலாம். ஒரே இடம், ஒரே கோணம், வேறு காலம். அவ்வளவுதான் இலக்கணம்.

இது புதிய முறையும் அன்று. 1880-களின் இறுதியிலேயே செபாஸ்டியன் பின்ஸ்டர்வால்டர் என்னும் ஜெர்மானியக் கணித அறிஞர் ஆல்ப்ஸ் மலையில் பனியாறுகளைப் படம் எடுத்து அளக்கும் முறையைத் தொடங்கி வைத்தார். குளிர்நிலப் பகுதிகளில் வானிலை நிலையங்கள் மிகக் குறைவு. ஆண்டுக்கணக்கில் தங்கி அளப்பவர்களும் குறைவு. அத்தகைய இடங்களில் எங்கோ ஒரு மலையேறியோ, நில அளவையாளரோ எடுத்து வைத்த பழைய படம்தான் பல வேளைகளில் எஞ்சியிருக்கும் சாட்சி.

எப்படிச் செய்கிறார்கள்?

பழைய படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏறத்தாழ இந்த இடம்தான்" என்று நின்று எடுப்பது மீள்படம் ஆகாது. அந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இதை வகுப்பறையிலேயே செய்து காட்டலாம். ஒரு மாணவனைச் சன்னல் கம்பியும் வெளியே திடலில் உள்ள கொடிக்கம்பமும் ஒரே நேர்கோட்டில் தெரியும்படி நிற்கச் சொல்லுங்கள். பிறகு ஓரடி பக்கவாட்டில் நகரச் சொல்லுங்கள். கொடிக்கம்பம் கம்பியைவிட்டு விலகிவிடும். அருகில் உள்ளதும் தொலைவில் உள்ளதும் ஒன்றையொன்று எங்கே மறைக்கின்றன என்பது நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. மலையிலும் இதே கணக்குத்தான். பழைய படத்தில் அருகிலுள்ள பாறையின் முனை, தொலைவிலுள்ள சிகரத்தின் எந்தப் பகுதியைத் தொடுகிறது என்று பார்த்துப் பார்த்து, முன்னும் பின்னும் நகர்ந்து, அந்த ஓர் இடத்தை அடைகிறார்கள்.

காலமும் பொருந்த வேண்டும். மழைக்காலத்தில் எடுத்த ஆற்றுப் படத்தையும் வறட்சியில் எடுத்த படத்தையும் அருகருகே வைத்து "ஆறு வற்றிவிட்டது" என்று சொன்னால் அது மோசடி. அதுபோலவே, புதுப்பனி மூடிய மாதத்தில் எடுத்த படத்தையும் கோடையின் முடிவில் எடுத்த படத்தையும் ஒப்பிடக்கூடாது. மியூர் படங்கள் இரண்டும் ஆகஸ்டு மாதத்தில் எடுக்கப்பட்டவை என்பதைக் கவனியுங்கள்.

நிற்க. இந்த நேர்மையைத்தான் நான் பாடமாக நடத்த விரும்புகிறேன். பனியாறு அதற்கு ஒரு வாயில் மட்டுமே.

காண்டல், கருதல், உரை

ஒன்றை உண்மை என்று அறிவதற்கு நம் முன்னோர் 'அளவை' என்று பெயரிட்டார்கள். அவற்றுள் தலையானவை மூன்று: காண்டல், கருதல், உரை. கண்ணால் கண்டறிவது காண்டல். கண்டதைக்கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். நம்பத் தகுந்தோர் சொல்லக் கேட்டறிவது உரை. நம் பிள்ளைகளின் கட்டுரைகளில் இம்மூன்றும் கலந்து கிடக்கின்றன. கண்டது எது, ஊகித்தது எது, கேட்டது எது என்று எழுதுபவனுக்கே தெரியாது. மீள்படம் இவற்றைப் பிரித்தறியக் கற்றுத் தருகிறது.

மியூர் படங்களில் 'பனி இருந்தது, இப்போது இல்லை' என்பது காண்டல். 'உலக வெப்பமே காரணம்' என்பது கருதல். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு தாண்டல் இருக்கிறது. அந்தத் தாண்டலுக்கு உரை துணை நிற்க வேண்டும்.

அந்த உரையைத் தேடிப் போனால் ஒரு வியப்பு. 1794-இல் வான்கூவரின் கடற்பயணக் குழு அங்கு வந்தபோது கிளேசியர் விரிகுடாவின் பெரும்பகுதியைப் பனியே அடைத்திருந்தது. 1879-இல் ஜான் மியூர் வந்தபோது பனி பல பத்துக் கிலோமீட்டர் பின்வாங்கியிருந்தது. ஆலைப்புகையால் உலகம் சூடேறத் தொடங்குவதற்கு முன்பே அங்குப் பின்வாங்கல் தொடங்கிவிட்டது! கடலில் வந்து முடியும் பனியாறுகளுக்குத் தனி இயல்பு உண்டு. முகப்பு ஆழ்நீரில் சிக்கினால் அவை விரைந்து உடைந்து பின்வாங்கும். ஆகவே மியூர் படங்களை மட்டும் காட்டி "இவ்வளவும் வெப்பமயமாதலால்" என்று சொல்வது அரைகுறைப் பாடம்.

அப்படியானால் வெப்பமயமாதல் பொய்யா? இல்லை. ஒரு பனியாற்றின் கதை ஒன்று. உலகப் பனியாறுகளின் கதை வேறு. 1894-ஆம் ஆண்டு முதல் நாடுகள் பல ஒன்றிணைந்து பனியாறுகளை முறையாகக் கண்காணித்து வருகின்றன. படங்களுடன், பனியில் நட்ட கோல்களின் அளவும் துணைக்கோள் அளவும் சேர்ந்து, ஆல்ப்ஸ், இமயம், ஆண்டிஸ், அலாஸ்கா என எங்கும் பெரும்பாலான பனியாறுகள் இழப்பிலேயே இருப்பதைக் காட்டுகின்றன. ஐக்கிய நாட்டு நிறுவனம் 2025-ஆம் ஆண்டைப் பனியாறுகளைக் காக்கும் ஆண்டாகவே அறிவித்தது. ஒரு படத்தால் முடியாததை ஆயிரம் சான்றுகள் சேர்ந்து நிறுவுகின்றன. 'எப்படித் தெரியும்?' என்பதற்கு இதுவே முழுமையான விடை.

பனி மட்டுமா மாறுகிறது?

மீள்படம் பனியாற்றுக்கு மட்டும் உரியதன்று. 1940-களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படை எண்ணெய் வளம் தேடி அலாஸ்காவின் வடகோடியை வானிலிருந்து படம் எடுத்தது. அரை நூற்றாண்டுக்குப் பின், மாத்யூ ஸ்டர்ம், சார்ல்ஸ் ரசின், கென் டேப் ஆகிய மூவரும் அதே இடங்களைத் தேடிச் சென்று மீண்டும் எடுத்தார்கள். ஒப்பிட்ட 66 படங்களில் 36-இல் குற்றுமரங்களும் புதர்களும் தெளிவாகப் பெருகியிருந்தன. முன்பு புதரே இல்லாத இடத்திலும் புதர் வந்திருந்தது. இம்முடிவு 2001-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. எண்ணெய்க்காக எடுத்த படம், எண்ணெயை எரித்ததன் விளைவை அறிய உதவியது என்பது காலத்தின் வேடிக்கை!

கனடாவின் ஜாஸ்பர் தேசியப் பூங்காவின் கதை இன்னும் ஆழமானது. 1915-ஆம் ஆண்டு பிரிட்ஜ்லண்ட் என்ற நில அளவையாளரின் குழு கனத்த கண்ணாடித் தகட்டுக் கேமராக்களைச் சுமந்துகொண்டு மலை மலையாக ஏறியது. 92 இடங்களிலிருந்து 735 படங்கள். நோக்கம் வரைபடம் வரைவது மட்டுமே. எண்பது ஆண்டுகளுக்குப் பின் ஜீனின் ரெம்துல்லா, எரிக் ஹிக்ஸ் ஆகியோர் அப்படங்களைக்கொண்டு அதே இடங்களில் நின்று பார்த்தார்கள். அங்கே பெரிதாகத் தெரிந்தது காட்டின் மாற்றம். 1915-இல் புல்வெளியும் இளமரங்களும் திட்டுத் திட்டாகக் கலந்திருந்த பள்ளத்தாக்கை இப்போது அடர்ந்த ஊசியிலைக் காடு மூடியிருந்தது.

காடு பெருகியது நல்லதுதானே என்று நம் மாணவர்கள் உடனே எழுதிவிடுவார்கள். 'மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்' என்று பழகிய கை அது. ஆனால் அங்கு நடந்தது வேறு. 1907-இல் பூங்கா அமைந்த சில ஆண்டுகளில் அங்கு வாழ்ந்த பழங்குடிக் கலப்பினத்தாரான மெட்டிஸ் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. பூங்காவில் தீயை உடனுக்குடன் அணைப்பது வழக்கமாயிற்று. புல்வெளியைப் புல்வெளியாக வைத்திருந்த சிறு தீக்கள் நின்றன. மரங்கள் நெருங்கி வளர்ந்தன. 2024 ஜூலையில் பெருங்காட்டுத்தீ வந்து ஜாஸ்பர் நகரத்துக் கட்டடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை எரித்தது. வறட்சி, வண்டு அரித்த மரங்கள், காற்று எனக் காரணங்கள் பல. நெருங்கி வளர்ந்த காடும் அவற்றுள் ஒன்று. பசுமையாகத் தெரிவதெல்லாம் நலம் அன்று என்பதை இந்தப் படங்கள் முன்னரே காட்டிக்கொண்டிருந்தன.

ஊரார் சொன்னதைப் படம் மறுத்த கதை

இமயம் என்றதும் 1997-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள் எவரெஸ்டு உச்சியில் நின்ற நம் மகேந்திரனும் மோகனதாசும் நினைவுக்கு வருவார்கள். அவர்கள் நடந்து சென்ற நேப்பாளத்தின் கும்பு பள்ளத்தாக்கைப் பற்றி 1970, 80-களில் உலகெங்கும் ஒரு செய்தி பரவியிருந்தது. சுற்றுலாப் பயணிகளாலும் உள்ளூர் மக்களாலும் அங்குள்ள காடுகள் சில பத்தாண்டுகளில் அழிந்துகொண்டிருக்கின்றன என்பது அச்செய்தி. எல்லாரும் நம்பினார்கள்.

அல்டன் பையர்ஸ் என்ற ஆய்வாளர் 1980-களில் அங்குச் சென்றார். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் எர்வின் ஷ்னைடர் என்ற ஆஸ்திரிய வரைபட அறிஞர் எடுத்த படங்கள் அவர் கையில் இருந்தன. அதே இடங்களில் நின்று மீண்டும் எடுத்து ஒப்பிட்டபோது, மொட்டையாகத் தெரிந்த சரிவுகள் பல முன்பும் மொட்டையாகவே இருந்தன என்பது தெரிந்தது. கீழ்ப்பகுதிக் காடுகள் பெரும்பாலும் அப்படியே இருந்தன. சில இடங்களில் பெருகியும் இருந்தன. ஆனால் ஏறத்தாழ 4000 மீட்டருக்கு மேலே, யாரும் பேசாத இடத்தில், தரையோடு படர்ந்து வளரும் ஜூனிபர் புதர்கள் மலையேறிகளுக்கும் விடுதிகளுக்கும் விறகாகி அழிந்துகொண்டிருந்தன. கவலைப்பட்ட இடம் ஒன்று. கவலைப்பட வேண்டிய இடம் வேறு!

அதே பள்ளத்தாக்கில் இம்ஜா என்றோர் ஏரி இருக்கிறது. 1956-இல் பிரிட்ஸ் முல்லர் எடுத்த படத்தில் அந்த இடத்தில் கல்லும் மண்ணும் மூடிய பனியாறும் சில சிறு குட்டைகளுமே தெரிகின்றன. பையர்ஸ் 2007-இல் மீண்டும் எடுத்த படத்தில் பெரிய ஏரி ஒன்று நிற்கிறது. அதன் கரை உடைந்தால் கீழேயுள்ள ஊர்களுக்கு என்ன ஆகும்? 2016-இல் நேப்பாள இராணுவத்தினரைக்கொண்டு வாய்க்கால் வெட்டி ஏரியின் நீர்மட்டத்தை 3 மீட்டருக்கும் மேல் தாழ்த்தினார்கள்.

ஒரே பள்ளத்தாக்கில் ஓர் அச்சத்தைப் படம் பொய்யாக்கியது. மற்றோர் அச்சத்தை மெய்யாக்கியது. நாம் மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டியது இந்தத் திறந்த மனத்தைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

அச்சமூட்டினால் போதுமா?

"ஐயா, பிள்ளைகளிடம் இத்தனை 'ஆனால்' போட்டுக் குழப்பலாமா? உலகம் அழிகிறது என்று அழுத்திச் சொன்னால்தானே விழிப்புணர்வு வரும்?" என்று ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். அவருக்கு நான் சொன்ன விடை அமெரிக்காவின் மோண்டானா மாநிலத்திலிருந்து வருகிறது.

அங்குள்ள கிளேசியர் தேசியப் பூங்காவில் 1997-ஆம் ஆண்டு முதல் மீள்படப் பணி நடக்கிறது. பனியாறு என்று மதிக்கத்தக்க அளவில் 1966-இல் 35 இருந்தன. 2015-இல் 26 மட்டுமே அந்த அளவில் இருந்தன. இதுவே போதுமான செய்தி. ஆயினும் '2020-ஆம் ஆண்டுக்குள் இங்குள்ள பனியாறுகள் எல்லாம் மறைந்துவிடும்' என்று பூங்காவில் பலகை வைத்திருந்தார்கள். 2020 வந்தது, பனியாறுகள் சுருங்கி, ஆனால் இருந்தன. பலகைகளை மாற்ற வேண்டியதாயிற்று. நம்ப மறுப்போருக்கு அது நல்ல கேலிப்பொருள் ஆயிற்று. 35 என்பது 26 ஆனது உண்மை. அந்த உண்மையை மிகைப்படுத்தியதால் உண்மைக்கே இழுக்கு வந்தது.

அலாஸ்காவிலேயே ஹப்பார்டு என்னும் பனியாறு நூறாண்டுக்கும் மேலாக முன்னேறிக்கொண்டிருக்கிறது. 1986-லும் 2002-லும் ஒரு கடற்கழியின் வாயையே அது அடைத்துவிட்டது. இதை மறைத்துப் பாடம் நடத்தினால், என்றோ ஒரு நாள் மாணவன் இணையத்தில் இதைப் பார்ப்பான். "ஆசிரியர் சொன்னதெல்லாம் பொய்" என்று முடிவு கட்டுவான். மாறாக, வரவு செலவுக் கணக்கைக் கற்றவன், "அதன் மேற்பகுதியில் பனிவரவு மிகுதி, ஆகவே அது முன்னேறுகிறது" என்று விளக்கம் சொல்வான். 'ஆனால்' என்ற சொல் குழப்பம் அன்று. அது சிந்தனையின் கதவு.

வெயில் நாட்டுப் பிள்ளைக்குப் பனி எதற்கு?

இதுவும் கேட்கப்படும் கேள்விதான். விடை, நம் அண்டை நாடான இந்தோனேசியாவில் இருக்கிறது.

1623-ஆம் ஆண்டு யான் கார்ஸ்டென்ஸ் என்ற டச்சுக் கடலோடி நியூகினித் தீவைக் கடந்தபோது, தொலைவில் பனி மூடிய மலையைக் கண்டதாக எழுதினார். நிலநடுக்கோட்டுக்கு அருகில் பனியா என்று ஐரோப்பாவில் அவரை எள்ளி நகையாடினார்கள். அவர் கண்டது உண்மை; காட்டுவதற்கு அவரிடம் படம் இல்லை. அம்மலை இன்று புஞ்சாக் ஜெயா எனப்படுகிறது. உயரம் 4,884 மீட்டர். 1936-இல் கோலைன், டோசி, விசெல் என்ற மூவர் அங்குச் சென்று பனியாறுகளைப் படம் எடுத்தார்கள். அதனால்தான் எது இருந்தது என்று இன்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. அப்பனியாறுகளுள் ஒன்றான மெரன் 2000-ஆம் ஆண்டுக்குள் முற்றிலும் அற்றுப்போயிற்று. எஞ்சியவையும் நம் மாணவர்கள் வளர்ந்து ஆளாவதற்குள் போய்விடும் நிலையில் சுருங்கிவிட்டன.

"யாரு பாத்தா?" என்று என் மாணவன் கேட்டானே, அக்கேள்வி கார்ஸ்டென்ஸிடமும் கேட்கப்பட்டது. 1936-ஆம் ஆண்டுப் படங்கள்தாம் அதற்கு விடை.

நம் பள்ளிகளின் பழைய படங்கள்

இப்போது நம்மிடம் வருகிறேன். நம் பள்ளியின் படத்தொகுப்பை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். மாலை அணிந்த சிறப்பு விருந்தினர். பொன்னாடை போர்த்தும் தலைவர். காசோலை கொடுப்பவரும் வாங்குபவரும். எல்லாரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு துண்டுச் சுவரும் பாதி மரமும். அந்தப் பாதி மரம்தான் இன்று நமக்கு வேண்டும். அதை யாரும் நினைத்து எடுக்கவில்லை!

எத்தனை தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் இடம் மாறிவிட்டன? ரப்பர் காடு செம்பனை ஆகி, செம்பனை வீடமைப்புப் பகுதி ஆகி, பள்ளி மட்டும் நடுவில் நிற்கும் ஊர்கள் எத்தனை? பக்கத்து ஆறு எங்கே ஓடியது, கோயிலுக்கு எதிரில் இருந்த திடல் எவ்வளவு பெரியது என்று கேட்டால், பாட்டி ஒன்று சொல்வார், தாத்தா மற்றொன்று சொல்வார். உரை இருக்கிறது, காண்டல் இல்லை. அலாஸ்காவின் வனாந்தரத்துக்கு 1941-ஆம் ஆண்டுச் சான்று இருக்கிறது. நாம் பிறந்த தோட்டத்துக்கு இல்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் ஒரு 'நிலைப்புள்ளி' அமைக்கட்டும்.

1. பள்ளி வளாகத்தில் அசையாத ஓர் இடத்தைத் தேர்ந்து, தரையில் வண்ணத்தால் குறியிடுங்கள். அருகிலுள்ள ஒரு தூணும் தொலைவிலுள்ள ஒரு கட்டடமோ குன்றோ நேர்கோட்டில் தெரிவது நல்லது.

2. ஆண்டுக்கு ஒரு முறை, அதே மாதம், அதே வேளையில், கைப்பேசியிலேயே படம் எடுங்கள். மனிதர்கள் யாரும் முன்னால் நிற்க வேண்டா. தலைமையாசிரியரும் வேண்டா!

3. நாள், நேரம், திசை, தரையிலிருந்து கேமராவின் உயரம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் மாணவரைக்கொண்டே எழுதச் செய்யுங்கள். குறிப்பு இல்லாத படம் பாதிச் சான்றுதான்.

4. தாளில் அச்சிட்டுப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். கைப்பேசி மாறினால் படமும் போய்விடும்.

5. பெற்றோர்களே, உங்கள் வீட்டுப் பழைய படங்களைத் தேடுங்கள். திருமணப் படத்தின் பின்னணியில் தெரியும் சாலை, திருவிழாப் படத்தில் தெரியும் ஆறு, இவையெல்லாம் சான்றுகள். அவை எடுக்கப்பட்ட இடத்துக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்று மீண்டும் எடுக்கச் சொல்லுங்கள்.

இதற்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் நிதி தேவையில்லை. ஆண்டுக்கு அரை மணி நேரம் போதும்.

மொழிப்பாடத்துக்கும் இது விருந்து. இரண்டு படங்களைக் காட்டி, தாளை மூன்று பத்தியாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: 'கண்டது', 'கருதுவது', 'கேட்டறிய வேண்டியது'. முதற்பத்தியில் கண்ணுக்குத் தெரிவது மட்டும். இரண்டாவதில் 'இருக்கலாம்', 'போலும்' என்ற சொற்களோடு எழுத வேண்டும். மூன்றாவதில் வினாக்கள். ஐயப்பொருளிலும் உறுதிப்பொருளிலும் வாக்கியம் அமைக்க இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து அதே வகுப்பில் மியூர் படங்களைத் திரையில் காட்டினேன். அன்று கேள்வி கேட்ட மாணவன் நெடுநேரம் பார்த்தான். மற்றவர்கள் 'பனி உருகிவிட்டது' என்று எழுதினார்கள். அவன் 'பனி இல்லை. நீர் இருக்கிறது. செடி இருக்கிறது' என்று எழுதினான். கண்டதை மட்டும் எழுதியவன் அவன் ஒருவனே. பிறகு மறுபடியும் கை உயர்ந்தது.

"ஐயா, அந்தச் செடிங்க வந்தது நல்லதா, கெட்டதா?"

இம்முறை 'அறிவியலாளர்கள் சொல்கிறார்கள்' என்று நான் சொல்லவில்லை. அவன் கேள்வியை வெண்பலகையின் மூன்றாம் பத்தியில், அவன் பெயரோடு எழுதி வைத்தேன். அது இன்னும் அழிக்கப்படாமல் இருக்கிறது.

பள்ளித் தவணை தொடங்கும் முதல் வாரத்தில் எங்கள் நிலைப்புள்ளியின் முதற்படத்தை எடுக்கவிருக்கிறோம். உங்கள் பள்ளியிலும் எடுங்கள். இரண்டாம் படத்தை எடுப்பவர் நாமாக இருக்க வேண்டியதில்லை. முதற்படத்தை எடுத்து வைக்க வேண்டியவர்கள் நாம்தான்.